கப்பலுக்கு ஞானஸ்நானமாம்!

மனிதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைப்பற்றி நமது அபிப்பிராயம் என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதைப்பற்றி இப்போது ஒன்றும் சொல்ல வரவில்லை. குழந்தைக்காவது வாய் இருக்கிறது. தலையில் தண்ணீரை ஊற்றினால் அழுது தன் ஆட்சேபணையைத் தெரிவித்துக் கொள்ளும். ஆனால் இரும்பினாலும் எஃகினாலும் செய்த கப்பலுக்கு ஞானஸ்நானம் என்று சொல்லி, பெயர் வைத்து, ஞானத்தாய் ஒருத்தியை ஏற்படுத்தி, பாதிரியாரைக் கூப்பிட்டு ஆசீர்வாதமும் செய்விக்கின்றார்களே, இது எந்த அறிவைச் சேர்ந்தது என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சடங்கு இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறோம். புதிதாகக் கட்டிய பெரிய பிரயாணக் கப்பலின் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, எதிரே ஒரு மேடை போடுவார்கள். ஒரு ராணியோ, ராஜகுமாரியோ, ஜனாதிபதியின் மனைவியோ, இக்காலத்தில் ஒரு சினிமா நட்சத்திரமோ அதில் வந்து நிற்பார். "இந்தக் கப்பலுக்கு இன்ன பெயர் சூட்டுகிறேன், கடவுள் இவளையும் இவளில் பயணம் செய்வோர் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக" என்று சொல்வார். ஒரு ஷாம்பேன் பாட்டில் கயிற்றில் ஆடிப்போய்க் கப்பலின் மேல் மோதி உடையும். பாண்டு வாத்தியம் முழங்கும். பாட்டில் உடைந்தால் சுபசகுனம், உடையாவிட்டால் அபசகுனம் என்பது ஐதீகம். உடையாமல் போய் மானம் போய்விடக் கூடாதே என்று முன்னதாகவே கண்ணாடியில் கீறல் போட்டு வைப்பதும் உண்டு. சகுனத்தை முன்கூட்டியே அரம் வைத்துச் சரிக்கட்டிக்கொண்டு, பிறகு சகுனம் பார்க்கின்ற சாமர்த்தியத்தை என்னென்பது!

இதை நாம் ஏன் எடுத்துக்கொண்டோம் என்றால், நம் நாட்டில் லாரிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பதைக் கண்டித்துப் பேசினால், படித்த கனவான் ஒருவர் எழுந்து, "வெள்ளைக்காரன் கப்பலுக்குப் பாட்டில் உடைக்கவில்லையா? அவனைவிட நீ விஞ்ஞானம் கண்டவனோ?" என்று கேட்கிறார். நம் கடற்படைக் கப்பல்களை நீரில் இறக்கும்போது அதர்வண வேத மந்திரம் சொல்லப்படுவதற்கும் இதையே சமாதானமாகச் சொல்கிறார்கள். அங்கே வெள்ளைக்காரப் பாதிரியைக் கேட்டாலோ, "எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் மாலுமிகள் செய்துவந்த பழக்கம்தானே" என்று கீழ்நாட்டுக்காரனைச் சாட்சிக்கு இழுப்பார். ஒருவன் மூடத்தனத்துக்கு இன்னொருவன் மூடத்தனம் ஜாமீன் நிற்கின்றது. இரண்டு பேரும் கடன்காரர்கள் என்றால் அந்த ஜாமீனுக்கு என்ன மதிப்பு?

சரி, பழக்கம் என்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் யோக்கியதையையே பார்ப்போம். பழைய கிரேக்கர்கள் கடல் தெய்வத்தின் கோபத்துக்கு அஞ்சித் திராட்சை மதுவைக் கடலில் ஊற்றினார்கள். காற்று ஏன் அடிக்கிறது, அலை ஏன் எழும்புகிறது என்பது தெரியாத காலம். மரத்தோணியில் போனவன் பயந்தான். அதை நாம் மன்னிக்கலாம். பிறகு இங்கிலாந்தில் விலையுயர்ந்த உலோகக் கிண்ணத்தில் மது நிரப்பி, கொஞ்சம் குடித்து, மீதியைக் கப்பலில் தெளித்து, கிண்ணத்தைக் கடலில் வீசி எறியும் வழக்கம் இருந்தது. கப்பல்கள் அதிகமாக அதிகமாகக் கிண்ணச் செலவு கட்டவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கிண்ணம் போய்ப் பாட்டில் வந்தது. அதாவது சர்க்கார் கஜானா இளைத்தபோது கடல் தெய்வத்தின் ஆகாரமும் இளைத்தது. தெய்வம் அதற்கு ஆட்சேபணை சொல்லவில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் இருந்தபோது பல கப்பல்களுக்குத் தண்ணீர்ப் பாட்டிலை உடைத்துப் பெயர் வைத்தார்கள். அந்தக் கப்பல்கள் ஷாம்பேன் குடித்த கப்பல்களைப் போலவேதான் மிதந்தன. ஜப்பானில் பாட்டிலுக்குப் பதிலாக வெள்ளிக் கோடரியால் கயிற்றை வெட்டுவார்கள். அந்தக் கப்பலும் மிதக்கிறது.

இதைவிட ஒரு முக்கியமான சங்கதி உண்டு. இங்கிலாந்தில் மதச் சீர்திருத்தம் ஏற்பட்ட பிறகு, கப்பல் இறக்கும் விழாவிலிருந்து பாதிரியின் சடங்குப் பகுதி கழன்று விழுந்துவிட்டது. 1875-ம் ஆண்டில் 'அலெக்ஸாண்ட்ரா' என்ற போர்க்கப்பலை இறக்கியபோதுதான் ஜெபமும் தேவாலயப் பாட்டும் மறுபடி விழாவில் நுழைந்தன. இடையில் இருந்த நூற்றாண்டுகளில்தான் இங்கிலாந்து கடலுக்கு எஜமானாயிற்று. 1805-ல் டிராபல்கர் சண்டையில் ஜெயித்த கப்பல்களை இறக்கும்போது பாதிரி பாடினாரா? பாட்டில்லாமலே ஜெயித்த தேசம், ஜெயித்து முடித்த பிறகு பாட்டைச் சேர்த்துக்கொண்டது. வயிறு நிறைந்தவன் வெற்றிலை போடுவது போலச் சடங்கு வந்ததே தவிர, சடங்கினால் சோறு வரவில்லை.

அதே 1875-ம் ஆண்டில் நடந்த இன்னொன்றையும் வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்டு மெம்பர் அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் பார்லிமெண்டிலேயே எழுந்து நின்று, கப்பல் முதலாளிகளைக் கயவர்கள் என்று பொருள்படக் கூச்சலிட்டார். காரணம் என்ன? ஓட்டைக் கப்பலுக்குப் பெயிண்டு அடித்து, தாங்கக்கூடியதற்கு மேல் பாரம் ஏற்றி, பெரிய தொகைக்கு இன்ஷூரன்சும் செய்து, மாலுமிகளை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கப்பல் போய்ச் சேர்ந்தால் சரக்குக்கு லாபம். முழுகினால் இன்ஷூரன்சுக்கு லாபம். முழுகியவன் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும்தான் நஷ்டம். அப்படிப்பட்ட கப்பல்களுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே பெயர். பிளிம்சால் கேட்டது ஆசீர்வாதமல்ல. கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு தண்ணீருக்குள் போகுமளவுக்குப் பாரம் ஏற்றக்கூடாது என்பதே அவர் கோரிக்கை. 1876-ல் அதற்குச் சட்டம் வந்தது. வந்த பின்னும் கோட்டை எந்த உயரத்தில் போடுவதென்பது பல ஆண்டுகள் முதலாளியின் இஷ்டத்துக்கே விடப்பட்டிருந்தது. பாட்டுப் பாட ஒரு நாளில் அனுமதி கிடைத்தது. கோடு போட இத்தனை போராட்டம் வேண்டியிருந்தது. இன்று உலகத்தில் எந்தச் சரக்குக் கப்பலின் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தாலும் அந்தக் கோடு இருக்கிறது. எத்தனை மாலுமிகளின் உயிரை அது காப்பாற்றியிருக்கும்! அந்தக் கோட்டுக்கு யாரும் சாமி கும்பிடுவதில்லை.

நிற்க. ஆசீர்வாதத்தின் பலனைக் கொஞ்சம் பரீட்சை செய்து பார்ப்போம்.

1883-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி கிளாஸ்கோ நகரத்தில் கிளைடு நதியில் 'டாப்னி' என்ற நீராவிக் கப்பலை இறக்கினார்கள். இறக்கியவுடனே உள்ளே வேலையைத் தொடரவேண்டுமென்று சுமார் 200 தொழிலாளர்களைக் கப்பலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். நீரில் இறங்கிய கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. 124 பேர் மாண்டார்கள். கப்பல் நிலைத்து நிற்பதற்கான சமநிலை போதாதென்றும், உள்ளே ஆட்களும் கட்டிவைக்காத சாமான்களும் இருந்ததால் சாய்ந்தது நிமிரவில்லையென்றும் பின்னர் விசாரணையில் தெரிந்தது. நாம் கப்பல் கட்டும் சாஸ்திரம் படித்தவர்களல்ல. ஆனால் நிறைகுடத்தை இடுப்பில் வைத்து வரப்பில் நடக்கிற பெண்ணுக்குத் தெரியும், மேல்பாரமும் ஆட்டமும் சேர்ந்தால் என்ன ஆகுமென்று.

1907-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இத்தாலியில் ரீவா திரிகோசோ என்ற ஊரில் நடந்தது இதைவிட வேடிக்கை. நல்லவேளையாக உயிர்ச்சேதமில்லை என்பதால் வேடிக்கை என்று சொல்லத் துணிகிறோம். அந்நாட்டு ராஜாவின் மகள் பெயரால் 'பிரின்சிபெஸ்ஸா யோலாண்டா' என்ற கப்பல். அத்தனை பெரிய பிரயாணக் கப்பலை இத்தாலி அதற்குமுன் கட்டியதில்லை. மேஜை, நாற்காலி, கட்டில், அலங்காரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே மேலே ஏற்றி, அடியில் இருக்கவேண்டிய நிலக்கரிப் பாரம் மட்டும் இல்லாமல் இறக்கினார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஆரவாரம் செய்ய, கப்பல் சறுக்குமேடையிலிருந்து கம்பீரமாக வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அப்படியே இடது பக்கமாகப் படுத்துவிட்டது. ராஜ குடும்பத்துப் பெயர், விழா, கூட்டம் எல்லாம் இருந்தன. நிலக்கரி இல்லை. அவ்வளவுதான்.

இன்னும் கேளுங்கள். 1898-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 'ஆல்பியன்' போர்க்கப்பலுக்குப் பெயர் வைத்தவர் யார்க் சீமாட்டி. கப்பல் நீரில் விழுந்த வேகத்தில் எழும்பிய அலை, வேடிக்கை பார்க்க ஜனங்கள் ஏறி நின்ற பலகைப் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்த யார்க் சீமாட்டி பிற்பாடு மேரி மகாராணி ஆனார். அவரே 1934-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி தம் பெயராலேயே 'குவீன் மேரி' என்ற பெரிய பிரயாணக் கப்பலுக்குப் பெயர் சூட்டினார். அந்தக் கப்பல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி ஓய்ந்து, 1967 முதல் அமெரிக்காவில் லாங் பீச் துறைமுகத்தில் நிற்கின்றது. கை ஒன்று, சடங்கு ஒன்று, கடவுளும் ஒருவரே. ஒரு நாளில் முப்பது பிணம். இன்னொரு நாளில் முழு ஆயுசு. ராசியான கையா, ராசியில்லாத கையா? ஜோசியர்கள் பதில் சொல்லட்டும். பலகைப் பாலத்தை அலை எட்டும் இடத்தில் போட்டவன் யார் என்பது நம் கேள்வி.

அந்தக் 'குவீன் மேரி'யைப்பற்றி இன்னொன்று. 1930-ல் கட்ட ஆரம்பித்த அந்தக் கப்பலின் வேலை 1931 டிசம்பரில் பணமுடையால் நின்றுபோய், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் எலும்புக்கூடு துருப்பிடித்துக்கொண்டு நின்றது. கிளைடுபாங்க் ஊரே பட்டினி கிடந்தது. சர்க்கார் கடன் கொடுத்த பிறகு 1934 ஏப்ரலில்தான் மறுபடி சுத்தியல் சத்தம் கேட்டது. அந்தப் பட்டினிக் காலத்தில் ராணியும் வரவில்லை, பாட்டிலும் வரவில்லை. எல்லாம் முடிந்து கப்பல் தயாரானபின் ஆசீர்வாதம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

இனி எதிர்க்கட்சியாரின் பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். "டைட்டானிக் கப்பலுக்குப் பாட்டில் உடைக்கவில்லை, அதனால்தான் முழுகிற்று" என்பார்கள். பாட்டில் உடைக்கவில்லை என்பது வாஸ்தவம். ஒயிட் ஸ்டார் கம்பெனிக்கு அந்த வழக்கமே இல்லை. 1911-ம் ஆண்டு மே 31-ந் தேதி பெல்பாஸ்டில் இருபது டன்னுக்கு மேல் கொழுப்பும் எண்ணெயும் சோப்பும் தடவிய சறுக்குமேடையில் அதைத் தள்ளிவிட்டார்கள். ஒரு நிமிஷமும் சொச்சமுமான நேரத்தில் அது தண்ணீரில் இருந்தது. ஆனால் அதே கம்பெனி, அதே துறையில், அதே அச்சில் கட்டிய அக்காள் 'ஒலிம்பிக்' கப்பலுக்கும் பாட்டில் உடைக்கவில்லையே! அது 1911 முதல் 1935 வரை அட்லாண்டிக் சமுத்திரத்தில் இருபத்துநாலு வருஷம் ஓடி, யுத்தத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலையே மோதி முழுகடித்து, கடைசியில் வயதாகி உடைப்புக்குப் போயிற்று. சடங்கில்லாத குற்றத்துக்குத் தங்கையைத் தண்டித்த கடல் தெய்வம், அக்காளை ஏன் விட்டது? மறுபக்கத்தில், 1906-ல் ஒரு சீமாட்டி முறைப்படி பெயர் சூட்டிய 'லூசிட்டானியா' 1915-ம் ஆண்டு மே 7-ந் தேதி நீர்மூழ்கியின் குண்டுபட்டுப் பதினெட்டே நிமிஷத்தில் முழுகி, சுமார் 1,200 பேரைக் கொண்டுபோயிற்றே, அதற்கு உடைத்த பாட்டில் எங்கே போயிற்று?

டைட்டானிக்கில் செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்பது ஒன்றும் தெய்வ ரகசியமல்ல. அதில் ஏறியிருந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். உயிர்காக்கும் படகுகள் இருபது. அவற்றில் இடம் 1,178 பேருக்கு. சட்டம் கேட்டது அதைவிடக் குறைவு, பதினாறே படகுகள்! ஏனென்றால் அந்தச் சட்டத்தின் உச்ச அளவு பதினாயிரம் டன்; அதற்கு மேல் எத்தனை பெரிய கப்பலானாலும் அதே பதினாறு என்று பழைய காலத்தில் எழுதிவைத்தது. டைட்டானிக்கோ நாற்பத்தாறாயிரம் டன். கப்பல் வளர்ந்தது, சட்டம் வளரவில்லை. பனிக்கட்டி மிதக்கும் கடலில் இரவிலும் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார்கள். 1912 ஏப்ரல் 15-ந் தேதி விடியுமுன் சுமார் 1,500 பேர் மாண்டார்கள். முதல் வகுப்பில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவர்தான் பிழைத்தார். கடல் டிக்கெட்டைப் பார்த்துவிட்டா முழுகடித்தது? படகு இருந்த தட்டுக்கு யார் முதலில் வர முடிந்தது என்பதுதான் வித்தியாசம். அந்தக் கப்பலைக் கட்டி இறக்குவதற்குள்ளேயே எட்டுத் தொழிலாளர்கள் உயிர்விட்டிருந்தார்கள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

பிறகு என்ன நடந்தது? உலகம் பயந்துபோய் எல்லாக் கப்பலுக்கும் பாட்டில் உடையுங்கள் என்று சொல்லிற்றா? இல்லை. 1914-ல் பல தேசத்தார் லண்டனில் கூடி, ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் படகில் இடம் வேண்டும், கம்பியில்லாத் தந்தியை இரவும் பகலும் கவனிக்கவேண்டும், பனிப்பாறைகளைப் பார்த்துச் சொல்லக் காவல் கப்பல் வேண்டும் என்று உடன்படிக்கை எழுதினார்கள். உயிர் போகிற பயம் வந்தால் பக்தனும் பாட்டிலை நம்புவதில்லை. படகைத்தான் எண்ணிப் பார்க்கிறான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரனைக் கேட்டுப் பாருங்கள். இரும்புத் தகட்டின் கனம் என்ன, ஒட்டு சரியா, எஞ்சின் எந்த வயது என்று கேட்பான். பாட்டில் ஒரே அடியில் உடைந்ததா என்று கேட்டு, உடைந்திருந்தால் பிரீமியத்தில் நாலணா தள்ளிக் கொடுப்பானா?

உடையாத பாட்டிலின் சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறோம். 1843-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி பிரிஸ்டலில் 'கிரேட் பிரிட்டன்' என்ற இரும்புக் கப்பலுக்குப் பெயர் வைத்தபோது, ஒரு சீமாட்டி வீசிய பாட்டில் கப்பலில் படாமல் உடையாமலே தண்ணீரில் விழுந்தது. விக்டோரியா ராணியின் புருஷரான ஆல்பர்ட் இன்னொரு பாட்டிலை எடுத்து வீசி மானத்தைக் காப்பாற்றினார். இதைவிடப் பெரிய அபசகுனம் வேண்டுமா? அந்தக் கப்பல் நாற்பது வருஷத்துக்கு மேல் கடலில் உழைத்து, பால்க்லண்டு தீவில் கைவிடப்பட்டுக் கிடந்து, 1970-ல் இழுத்துக்கொண்டு வரப்பட்டு, பிறந்த ஊரிலேயே காட்சிசாலையாக இருக்கின்றது. 2000-ம் ஆண்டில் ஆன் இளவரசி 'அரோரா' கப்பலுக்குப் பெயர் வைத்தபோதும் பாட்டில் உடையவில்லை. முதல் பயணத்தில் எஞ்சின் கோளாறாயிற்று; "பார்த்தீர்களா!" என்றார்கள். அதற்குப் பின் இருபது வருஷத்துக்கு மேல் அது ஓடிக்கொண்டிருந்ததைப்பற்றி யாரும் "பார்த்தீர்களா" என்று சொல்லவில்லை. 2007 டிசம்பரில் கமிலா சீமாட்டி 'குவீன் விக்டோரியா'வுக்குப் பெயர் வைத்தபோதும் அதே கதை. பிறகு பிரயாணிகள் சிலருக்கு வாந்திபேதி வந்ததும் சாபம் என்று பத்திரிகைகள் எழுதின. வாந்திபேதி ஒரு கிருமியால் வருவது. அதற்கு மருந்து கை கழுவுவது.

இதுவரை படித்தவர்கள், "சரி, சடங்கினால் பிரயோஜனமில்லைதான், ஆனால் அதனால் என்ன கெடுதி? ஒரு பாட்டில்தானே, போகட்டும்" என்று சொல்லக்கூடும். அங்கேதான் நமக்கு அபிப்பிராய பேதம். ஒரு பாட்டிலின் விலைக்காக நாம் இவ்வளவு காகிதத்தைச் செலவு செய்யமாட்டோம்.

2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி இத்தாலியில் 'கோஸ்டா கன்கார்டியா' என்ற உல்லாசக் கப்பலுக்கு ஒரு மாடல் அழகியைக்கொண்டு பெயர் வைத்தார்கள். பாட்டில் உடையவில்லை. முந்தின வருஷமே அந்தக் கப்பல் நீரில் இறக்கப்பட்டு மிதந்துகொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். இக்காலத்தில் இந்தச் சடங்கு கப்பலை இறக்குவதற்குக்கூட அல்ல, டிக்கெட் விற்பதற்குத்தான். 2012 ஜனவரி 13-ந் தேதி இரவு ஜீலியோ தீவின் பாறையில் மோதி அது சாய்ந்தது. 4,200 பேருக்கு மேல் ஏறியிருந்த கப்பலில் 32 பேர் மாண்டார்கள். உடனே கிளம்பிற்று பேச்சு: உடையாத பாட்டிலின் சாபமாம்; வெள்ளிக்கிழமையும் 13-ந் தேதியும் சேர்ந்ததாம்! நடந்தது என்ன? தீவுக்காரருக்கு வணக்கம் செலுத்தும் டம்பத்துக்காகக் காப்டன் கப்பலைப் பாதையிலிருந்து விலக்கிக் கரையோரமாக ஓட்டினான். மோதிய பிறகு இறங்கும்படி உத்தரவிடத் தாமதித்தான். பிரயாணிகள் எல்லோரும் இறங்குமுன் தான் இறங்கிவிட்டான். கோர்ட்டார் 2015-ல் அவனுக்குப் பதினாறு வருஷத் தண்டனை கொடுத்தார்கள். கம்பெனியோ பத்து லட்சம் யூரோ அபராதத்தோடு கிரிமினல் விசாரணையிலிருந்து கழன்றுகொண்டது. பாட்டிலின் சாபம் என்று நம்புகிறவன், கரையோரம் கப்பலை ஓட்டும் இந்த டம்பத்தைக் கம்பெனி ஏன் தடுக்கவில்லை என்று கேட்பானா? கேட்கமாட்டான். அவனுக்குத்தான் காரணம் கிடைத்துவிட்டதே! சடங்கினால் வரும் கெடுதி இதுதான். அது குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கின்றது. கப்பல் பிழைத்தால் கடவுள் கிருபை, செத்தால் விதி. இரண்டிலும் முதலாளி தப்பித்துக்கொள்கிறார்.

பெண்ணைப்பற்றியும் ஒரு வார்த்தை. கப்பலில் பெண் ஏறினால் துரதிர்ஷ்டம் என்று மாலுமிகள் வெகுகாலம் நம்பினார்கள். அதே கப்பலைப் பெண்பாலாக்கி 'அவள்' என்று அழைத்தார்கள். பெயர் வைக்கும் வேலை ஆண்களிடமிருந்து பெண்களுக்கு மாறியது 1811-ம் ஆண்டு சுமாருக்குத்தான், அதுவும் சீமாட்டிகளுக்கு. இக்காலத்தில் சோபியா லோரன் என்ற நடிகை ஒரே கம்பெனியின் பல கப்பல்களுக்கு ஞானத்தாய். அவர்மீது நமக்கு வருத்தமில்லை. மேடையில் பெண்ணை நிறுத்திப் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டால் பெண்ணுக்குக் கௌரவம் செய்தாயிற்று என்று நினைக்கிறார்களே, காப்டன் நாற்காலியில் எத்தனை பெண்களை உட்கார வைத்தார்கள் என்று கேட்கிறோம்.

கடைசியாக ஒரு கப்பலைப்பற்றிச் சொல்லவேண்டும். 'குவீன் மேரி 2' என்ற கப்பல் பிரான்சு தேசத்தில் சேன் நசேர் என்ற துறையில் கட்டப்பட்டது. 345 மீட்டர் நீளம். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய பிரயாணக் கப்பல். வேலை முடியும் தறுவாயில், 2003-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி சனிக்கிழமை, கட்டிய தொழிலாளர்களின் குடும்பத்தாரைக் கப்பலைப் பார்க்க அழைத்திருந்தார்கள். தகப்பனார் எதைக் கட்டினார் என்று பிள்ளை பார்க்கவேண்டாமா? புருஷன் எங்கே வேலை செய்தான் என்று பெண்டாட்டி பார்க்கவேண்டாமா? கரைக்கும் கப்பலுக்கும் நடுவே புதிதாகப் போட்டிருந்த தற்காலிக நடைபாலத்தின் மேல் அவர்கள் கூட்டமாக நின்றபோது பாலம் முறிந்தது. சுமார் 15 மீட்டர் கீழே, தண்ணீரில்லாத கப்பல் குழியின் தரையில் விழுந்தார்கள். பதினாறு பேர் இறந்தார்கள். முப்பது பேருக்குச் சமீபமாகக் காயமடைந்தார்கள்.

இரண்டு மாதம் ஆகவில்லை. 2004-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி சௌதாம்டன் துறைமுகத்தில் எலிசபெத் ராணி அந்தக் கப்பலுக்குப் பெயர் சூட்டினார். பாட்டில் ஒழுங்காக உடைந்தது. கடவுள் இவளையும் இவளில் பயணம் செய்வோரையும் ஆசீர்வதிப்பாராக என்று முறைப்படி சொல்லியாயிற்று. அந்த வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள். பயணம் செய்வோர் இருக்கிறார்கள், கட்டியவர்கள் எங்கே? நூற்றாண்டுகளாகச் சொல்லி வரும் அந்த வாசகத்தில் தகடு வெட்டியவனுக்கும், ஒட்டுப் போட்டவனுக்கும், சாரத்திலிருந்து விழுந்து செத்தவனுக்கும் ஒரு வார்த்தை இடமில்லை. கடவுளின் ஆசீர்வாதமும் டிக்கெட் வாங்கியவனுக்குத்தான் போலும்!

2008-ல் சேன் நசேர் கோர்ட்டில் வழக்கு முடிந்தது. கப்பல் கட்டிய கம்பெனியும் பாலம் போட்ட கம்பெனியும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி அபராதம் விதிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட தனி ஆட்கள் விடுதலையானார்கள். பாலத்தின் கட்டுமானம் சரியாக இருந்ததா, அதைச் சரிபார்க்க வேண்டியவர் சரிபார்த்தாரா என்பதே அந்தக் கோர்ட்டில் நடந்த பேச்சு. கடவுள் சித்தம் என்று எந்த வக்கீலும் அங்கே வாதாட முடியாது. கப்பல் பெயர்சூட்டு விழாவுக்குப் போகும் பாதிரிமார்களையும், மந்திரம் சொல்லும் புரோகிதர்களையும் நாம் கேட்பது ஒன்றே: அடுத்த விழாவில் மேடை ஏறுமுன், அந்தத் துறையில் அந்தக் கப்பலுக்காக எத்தனை பேர் செத்தார்கள், அவர்கள் பெயர் என்ன என்று கம்பெனியிடம் ஒரு ஜாபிதா கேட்டு வாங்கி, ஜெபத்துக்குப் பதிலாக அதை ஒலிபெருக்கியில் வாசிப்பீர்களா?